ஒப்பந்த நடிகரும் தோட்டத்து இரசிகரும்: 1940களின் ஸ்டூடியோ முறையும் மலாயாத் தமிழரும்

சிம்பாங் பூலாய் போன்ற பேராக் மாநிலத் தோட்டப்புறங்களின் திரைப்பட வரலாற்றை எழுத முற்படுவோர், பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்த படங்களோடு நின்றுவிடுகின்றனர். மலாயா இரசிகருக்கென இவ்வட்டாரத்திலேயே உருவான படத்தொழிலில் இந்தியர், குறிப்பாகத் தமிழர், ஆற்றிய பங்கு அவ்வரலாற்றுக்கு வெளியே நிற்கிறது. அத்தொழிலின் அமைப்பை விளங்கிக்கொள்ள ஹாலிவுட்டிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

எம்.ஜி.எம்., பாரமவுண்ட், வார்னர் பிரதர்ஸ், டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. ஆகிய ஐந்து பெருநிறுவனங்களும் படங்களைத் தாமே தயாரித்து, தாமே விநியோகித்து, தம் சொந்த அரங்குகளிலும் திரையிட்டன. நடிகர் எத்துணைப் புகழ் பெற்றிருப்பினும் ஒப்பந்தப் பணியாளரே. கொடுத்த வேடத்தை மறுப்பவர் சம்பளமின்றி இடைநிறுத்தப்பட்டார். அந்நாள்களும் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டப்பட்டன. இவ்வழக்கத்தை எதிர்த்து ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 1944 டிசம்பரில் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஏழாண்டு என்பது நாள்காட்டியின் ஏழாண்டே என்பது அத்தீர்ப்பின் சாரம். அடுத்து, 1948 மே 3ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பு, அரங்குகளைத் தயாரிப்பு நிறுவனங்களிடமிருந்து பிரிக்க வழிவகுத்தது.

அங்கே தளரத் தொடங்கிய முறை ஏறத்தாழ அதே வேளையில் இங்கே வேரூன்றியது. 1947இல் ஷா சகோதரர்கள் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் மலாய் ஃபிலிம் புரொடக்ஷன்ஸ் நிறுவனத்தின் படத்தயாரிப்பைத் தொடங்கினர். மலாயா நகரங்களில் அரங்குகளும் அவர்கள் கையில் இருந்தன. நடிகருக்கு மாதச் சம்பளம், நிறுவனக் குடியிருப்பு. சீனர் முதலீடு, மலாய் நடிகர், இந்திய இயக்குநர் என்பதே அதன் பொதுவான அமைப்பு. வட இந்தியரான பி.எஸ். ராஜ்ஹான்ஸ் இயக்கிய 'சிந்தா' (1948) படத்தில் பி. ரம்லி அறிமுகமானார். ஆயினும் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியது 1950இல் வெளிவந்த 'பக்தி'. அதன் இயக்குநர் சென்னை மாகாணத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். பி. ரம்லியைக் கொண்டாடும் நம்மவருள் கிருஷ்ணனை அறிந்தோர் சிலரே.

இப்படங்கள் உருவான காலம் அமைதியானதன்று. 1948 ஜூன் 16ஆம் நாள் ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. ஊரடங்கும் சாலைச் சோதனையும் தோட்டத்தாரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தின. 1946இல் அமைக்கப்பட்ட மலாயன் ஃபிலிம் யூனிட்டின் படங்களை அரசின் நடமாடும் வண்டிகள் உட்புறங்களுக்குக் கொண்டுசென்றன. தமிழ் விளக்கவுரையும் அவற்றுள் இடம்பெற்றது. ஆக, நகர அரங்கில் வணிகப்படம், தோட்டத் திடலில் பரப்புரைப்படம் என இருவேறு திரைகள். இவ்விரண்டையும் கண்ட தலைமுறை அருகி, தோட்டங்களும் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் நிலையில், வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டும் பணி இனியும் தள்ளிப்போடத்தக்கதன்று.

முதலாளி தந்த வீட்டில் வாழ்ந்து, அவர் வகுத்த சம்பளத்தைப் பெற்ற நடிகரின் நிலை, லயத்து வீட்டில் வாழ்ந்த பால்வெட்டுத் தொழிலாளிக்குப் புதியதாகத் தோன்றியிராது. இவ்வொப்புமையை மிகைப்படுத்தலாகாது, நடிகருக்குப் புகழ் இருந்தது. எனினும் 1957இல் ஜாலான் அம்பாஸ் கலைஞர்களும் பணியாளர்களும் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்தம் சங்கமான பெர்சாமாவின் தலைவராக அப்போது இருந்தவர் பி. ரம்லியே.