போரிலிருந்து வீடு திரும்புதல் (மட்டக்களப்பு)

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் போராளிகள் வீடு திரும்பிய கதை இரண்டு ஆண்டுகளைச் சுற்றியே பேசப்படும். 2004இல் விடுதலைப் புலிகளின் கிழக்குப் பிரிவு சில நாட்களுக்குள் கலைந்து போனது. 2009இல் போரே முடிந்து, சரணடைந்தவர்கள் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போனார்கள். வென்ற படை ஊருக்குள் நுழையும் காட்சி இரண்டிலும் இல்லை.

தமிழ்ப் பாடலிலும் காப்பியத்திலும் வீடு திரும்பிய பின்னான கதை அரிது. சங்க முல்லைப் பாடல்களில் தலைவன் கார்காலத்துக்கு முன் தேரை விரைந்து ஓட்டச் சொல்கிறான்; களத்தில் கண்டதை வீட்டில் எப்படிச் சொன்னான் என்று பாடல் கேட்பதில்லை. வில்லிபாரதம் சௌப்திக பருவத்தோடு நின்றுவிடுகிறது. வடமொழிப் பாரதத்தில் அதற்கு அப்பால் வரும் பெண்களின் புலம்பலும், நாடு கிடைத்த பிறகும் ஆறாத தருமனின் துயரும் வில்லிபாரதத்தில் இடம்பெறவில்லை. மட்டக்களப்பின் வடமோடிக் கூத்துகளிலும் போர்க்கதைகளுக்கே முதலிடம். வீரனின் வீடு திரும்பலையே முழுக்கதையாக்கியது கிரேக்க ஒடிசி. வியட்நாம் போரிலிருந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜொனதன் ஷே, 1994இலும் 2002இலும் வெளியிட்ட நூல்களில் ஹோமரின் வீரர்களைத் தம் நோயாளிகளோடு சேர்த்துப் படித்தார்.

போர் நிறுத்த காலத்தில் வாவியின் மேற்கே படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடமும், கிழக்கே எழுவான்கரை அரசிடமும் இருந்தன. மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது; அதுவரை சனம் ‘பாதை’ என்ற மிதவையில் வாவியைக் கடந்தது. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் இயக்கத்தின் வன்னித் தலைமையிலிருந்து பிரிந்தார். ஏப்ரல் 9, பெரிய வெள்ளியன்று வன்னிப் படை வெருகல் ஆற்றைக் கடந்தது. சில நாள் சண்டைக்குப் பின் கருணா தம் ஆயிரக்கணக்கான போராளிகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு வெளியேறினார். அவர்களில் பெருந்தொகையினர் பதினெட்டு வயதும் நிரம்பாதவர்கள். முகாம்களுக்கே போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்த பெற்றோரும் உண்டு. சித்திரைப் புத்தாண்டு பிறக்கிற வாரம் அது.

அந்த வருகை நிலைக்கவில்லை. அடுத்த மாதங்களில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டியும், கடிதம் அனுப்பியும், வீடு வீடாகப் போயும் வந்தவர்களைப் புலிகள் திரும்பக் கேட்டார்கள். கோயில் திருவிழாக்களிலும் பிள்ளைகள் பிடிக்கப்பட்டார்கள். பின்னர் கருணா குழுவும் அதையே செய்தது. வந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வதே தாய்மாருக்கு இன்னொரு போராட்டமாயிற்று. இந்த வரலாற்றில் மிகக் கொடியது இதுதான்.

2009இல் சரணடைந்த ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வுக்கு உட்படுத்தப்பட்டனர். மட்டக்களப்புக்கு அண்மையில் வெலிக்கந்தைப் பகுதியிலும் முகாம்கள் இருந்தன. விடுதலையாகி வந்த பின்னும் பதிவும் விசாரணையும் ஓயவில்லை. ஒடிசியில், வீடு திரும்பிய ஒடிசியசைக் காலில் இருந்த பழைய தழும்பால் கிழவித் தாதி அடையாளம் காண்கிறாள். அது அன்பின் அடையாளம். இங்கோ சோதனைச் சாவடியில் உடம்பின் தழும்பே சந்தேகத்துக்கு இடமாயிற்று. மீனுக்குப் போனாலும் மேசன் வேலைக்குப் போனாலும் மறைக்க வேண்டியது அதைத்தான்.

திரும்பலுக்குத் தமிழ்க் காப்பியம் தராத இடத்தை இந்தப் பகுதியின் சடங்குகள் ஓரளவு தந்திருக்கின்றன என்றே கொள்ள வேண்டும். செட்டிபாளையம், வந்தாறுமூலை, தம்பிலுவில் முதலிய ஊர்களின் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கு குளிர்த்தியோடு நிறைவடையும். மதுரையை எரித்த அம்மனின் கோபம் தணியக் குளிர்த்திப் பாடல் பாடுவார்கள். வேப்பிலையும் மஞ்சள் நீரும் அதற்குரியவை. எரித்தவளை விரட்டாமல், குளிரவைத்துத் தங்களோடு இருத்திக்கொள்கிற சடங்கு இது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாண்டவர் வனவாசம் நடித்துக் காட்டப்பட்டு, தீமிதிப்போடு விழா முடியும். காணாமல் போன பிள்ளைகளைப் பற்றிக் காளி கோயில்களில் தெய்வம் ஆடுவோரிடம் தாய்மார் வாக்குக் கேட்டதையும், சித்திரவதைக்கு உள்ளானவர்கள் நேர்த்திக்கடன் தீர்த்ததையும் மானிடவியலாளர் பட்ரிசியா லாரன்ஸ் 1990களில் ஆராய்ந்தார்.

பெண் போராளிகளின் நிலை தனியே சொல்லப்பட வேண்டியது. கட்டையாக வெட்டிய தலைமயிரே இயக்கத்தில் இருந்தவள் என்று காட்டிக் கொடுத்தது. இயக்கத்துக்குப் போனவள் என்ற பேச்சும் முகாமில் இருந்த காலம் பற்றிய சந்தேகமும் கலியாணப் பேச்சு வரும்போது முன்னுக்கு வந்தன. தழும்பையும் கடந்த காலத்தையும் மறைத்தே பலர் குடும்பம் நடத்துகிறார்கள்.