பெட்ரோல் எஸ்யூவிக்கு ஃபில்டர் உண்டா? மாற்றத்தான் வேண்டுமா?

எட்டு வயதான எஸ்யூவியை சர்வீசுக்கு விட்டால், எஞ்சின் எண்ணெய் மாற்றிய பில்லோடு இன்னொரு பரிந்துரையும் சேர்ந்து வருவதுண்டு: “ஃபியூவல் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.” செம்பவாங் குடியிருப்பாளர்கள் பக்கத்திலிருக்கும் ஈசூன் தொழிற்பேட்டைக்குக் காரைக் கொண்டுபோனாலும் சரி, சின் மிங் வரை போனாலும் சரி, இந்தப் பேச்சு காதில் விழும். அடுத்த கடையில் விசாரித்தால், “பெட்ரோல் வண்டிக்கு ஏது ஃபில்டர் அண்ணே, அதெல்லாம் டீசல் லாரிக்கு” என்று பதில் வரலாம். செலவோ நூற்றுக்கணக்கான வெள்ளி. யாரை நம்புவது?

பெட்ரோல் எஸ்யூவி ஒவ்வொன்றிலும் ஃபில்டர் இருக்கிறது. அது இருக்கும் இடம்தான் மாறிவிட்டது.

கார்பரேட்டர் காலத்துக் கார்களில் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே சிறிய பிளாஸ்டிக் குப்பி ஒன்று குழாயில் மாட்டியிருக்கும். உள்ளே அழுக்கு சேர்வது வெளியிலிருந்தே தெரியும். சில வெள்ளிக்கு வாங்கிப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். இன்ஜெக்‌ஷன் முறை வந்தபின் அழுத்தம் கூடியதால், அந்த இடத்தில் உலோக டப்பா வந்தது. அது பெரும்பாலும் காருக்கு அடியிலோ எஞ்சின் அறையிலோ இருக்கும். அப்போது எஞ்சினுக்குப் போய் மிஞ்சிய பெட்ரோல், சூடாகித் தொட்டிக்கே திரும்பி வரும். அந்தச் சூட்டில் தொட்டிக்குள் ஆவி அதிகமாகும். புகை, ஆவி விதிமுறைகள் கடுமையானபோது தயாரிப்பாளர்கள் திரும்பி வரும் குழாயை எடுத்துவிட்டு, பம்பு, ஃபில்டர், அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி மூன்றையும் ஒரே தொகுப்பாகத் தொட்டிக்குள் இறக்கினார்கள். இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல் எஸ்யூவிகள் இந்த வகைதான். காருக்கு அடியில் தேடியவர் கண்ணில் படாததால்தான் ‘ஃபில்டரே கிடையாது’ என்ற பேச்சு பரவியது.

தொட்டிக்குள் இரண்டு அடுக்கு வடிகட்டல் நடக்கிறது. பம்பின் வாயில் ஒரு வலைச் சல்லடை. அது பெரிய தூசியைப் பிடிக்கும். பம்பைத் தாண்டியதும் மடித்த தாளாலான நுண் ஃபில்டர். ஏறத்தாழ 10 மைக்ரான் அளவுள்ள துகளையும் அது தடுக்கும். நம் தலைமுடியின் தடிமன் இதைவிடப் பல மடங்கு. நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் பெட்ரோல் 200 பார் அழுத்தத்திலும் அதற்கு மேலும் பீய்ச்சப்படுகிறது. அந்த நுண்ணிய துளைகளில் துகள் சிக்கினால் ஃபில்டரைப்போலப் பல மடங்கு செலவு வரும். ஆகவே ஃபில்டர் தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை. அடிக்கடி மாற்றத் தேவையா என்பதுதான் கேள்வி.

இதற்குக் காரோடு வந்த கையேட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய வெளிப்புற வகைக்கு 40,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை என்று பெரும்பாலும் இருக்கும். தொட்டிக்குள் இருக்கும் வகைக்குப் பல தயாரிப்பாளர்கள் கெடுவே குறிப்பிடுவதில்லை. பம்பு இருக்கும்வரை ஃபில்டரும் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. சில நிறுவனங்கள் மட்டும் ஆசியச் சந்தைக்கான அட்டவணையில் 80,000 கிலோமீட்டர் என்று எழுதுகின்றன. ஆண்டுக்கு 16,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது ஐந்து ஆண்டு. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் கையேட்டையும் நம் காருக்குரியதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரே மாடலாக இருந்தாலும் அட்டவணை வேறுபடும்.

‘ஆயுள்காலத்துக்கும் போதும்’ என்பதில் எந்த ஆயுள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பத்து ஆண்டில் சிஓஇ முடிந்ததும் காரைக் கொடுத்துவிடுபவருக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். சிஓஇயைப் புதுப்பித்து இன்னும் ஐந்து, பத்து ஆண்டு ஓட்ட நினைப்பவர், பம்பு சத்தம் போடத் தொடங்கும் முன்பே தொகுப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. என்னைக் கேட்டால், புதுப்பிப்புக்குக் கட்டும் தொகைக்கு முன்னால் இது பெரிய செலவில்லை. அதேபோல், எந்தக் காரணத்துக்காகவோ பம்பை மாற்றினால் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கூலி ஒன்றுதான்.

ஐந்து வயதுக் காரில், எந்தக் கோளாறும் இல்லாதபோது, கையேட்டிலும் இல்லாத வேலையைச் செய்யச் சொன்னால் மறுக்கலாம். தயங்க வேண்டியதில்லை.

ஃபில்டர் அடைத்தால் எப்படித் தெரியும்? புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஏறும்போது மிதித்தாலும் வேகம் எடுக்காது. நகருக்குள் மெதுவாக ஓட்டும்போது சரியாகவே இருக்கும். காலையில் இரண்டு மூன்று முறை முயன்றால்தான் கிளம்பும். பின்னிருக்கைக்கு அடியிலிருந்து ‘ங்ங்’ என்று பம்பின் முனகல் கேட்கும். ஆனால் இதே அறிகுறிகள் பழுதான பம்பு, தேய்ந்த ஸ்பார்க் பிளக், காற்று உணர்கருவி எதனாலும் வரலாம். எனவே பணிமனையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “பெட்ரோல் அழுத்தத்தை அளந்து பார்த்தீர்களா? எவ்வளவு வந்தது?” அளவி மாட்டிப் பார்ப்பது சிறிய வேலை. எண்ணைச் சொல்லாமல் ஊகத்தில் தொகுப்பை மாற்றச் சொல்பவரிடம் காரை விட்டுவிட்டு வருவது வீண்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2020ல் தொடங்கி டொயோட்டா மட்டுமே உலகெங்கும் 50 லட்சத்துக்கும் அதிகமான வாகனங்களைப் பெட்ரோல் பம்புக் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. ஹோண்டா, சுபாரு, மாஸ்டா வாகனங்களும் அந்த வரிசையில் சேர்ந்தன. டென்சோ தயாரித்த பம்பின் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் சுழலி பெட்ரோலில் ஊறி உருமாறி, பம்பு நின்றுபோவதே காரணம். வேகம் எடுக்காமை, ஓடும்போதே எஞ்சின் அணைந்துபோவது என அறிகுறிகள் ஃபில்டர் அடைப்பைப் போலவேதான் இருக்கும். இத்தகைய திரும்ப அழைப்பில் பழுதுபார்ப்பு இலவசம். ஆகவே கைக்காசைப் போடும் முன், காரின் எண்ணைக் கொடுத்து நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்திலோ முகவரிடமோ சரிபார்த்துவிடுங்கள். விரைவுச்சாலையிலேயே நின்றுவிட்டால், ஆணையத்தின் மீட்பு வாகனம் இலவசமாகவே அருகிலுள்ள கார் நிறுத்துமிடம்வரை இழுத்துச் செல்லும்.

“ஜோகூரில் பெட்ரோல் போட்டேன், அதனால்தான் அடைத்தது” என்பது செம்பவாங், உட்லண்ட்ஸ் பக்கம் அடிக்கடி கேட்கும் குறை. 1991 முதல் முக்கால் தொட்டி நிரப்பாமல் சிங்கப்பூர்க் காரைக் கடற்பாலத்தைத் தாண்ட விடுவதில்லை. அங்கே ரான்95 வகையை வெளிநாட்டு வாகனங்களுக்கு விற்பதும் 2010 முதல் தடை. ரான் எண் என்பது எஞ்சினில் தட்டல் வராமல் தாங்கும் திறனைக் குறிப்பது; தூய்மையைக் குறிப்பதல்ல. எந்த நாட்டு நிலையத்தின் பம்பிலும் ஃபில்டர் உண்டு. பழி பெரும்பாலும் தவறான இடத்தில்தான் விழுகிறது. பம்புக்கு உண்மையில் கெடுதல், எப்போதும் கால் தொட்டிக்குக் கீழேயே ஓட்டும் பழக்கம். பம்பு பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் அதன் சூடு தணியும். நிலையங்களில் விற்கும் ‘கிளீனர்’ போத்தல்கள் இன்ஜெக்டரில் படிந்த கரியை ஓரளவு கரைக்கலாம். தாள் ஃபில்டரில் சேர்ந்த தூசியை அவை அகற்றாது.

கைவேலை தெரிந்தவர்கள்கூட அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். தொட்டியைத் திறந்ததும் எழும் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவும், ஒரு சிறு பொறி போதும். பல எஸ்யூவிகளில் பின்னிருக்கையைத் தூக்கினாலே தொகுப்பின் மூடி தெரியும். சிலவற்றில் தொட்டியையே கீழே இறக்க வேண்டும். கூலி கடைக்குக் கடை மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மாற்றும்போது மூடியின் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மறுநாள் காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் அந்த வளையம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். சன்னலைத் திறந்து வைத்து நாளைக் கடத்தாமல் அன்றே பணிமனைக்குச் சொல்லிவிடுங்கள்.