செயலகம் மாறும்போது: ஈ.சி.ஐ.எல். கணினிகளும் ஒரு காந்த நாடாவும்

ஹைதராபாத்தின் வடகோடியில், போலாரத்தில் வசிப்பவர்களுக்கு ‘ஈ.சி.ஐ.எல்.’ என்பது முதலில் ஓர் இடப்பெயர். யாப்ரால், சைனிக்புரி வழியாகச் செல்லும் ஆட்டோக்காரரிடம் அச்சொல்லைச் சொன்னால் நாற்சந்தியில் இறக்கிவிடுவார். அது எதன் சுருக்கம் என்று அவரும் கேட்பதில்லை, ஏறியவரும் கேட்பதில்லை. அதையடுத்துள்ள ஏ. எஸ். ராவ் நகரும் அவ்வாறே. ஒரு நிறுவனத்தின் பெயரும் அதன் முதல் நிர்வாக இயக்குநரின் பெயரும் பேருந்து நிறுத்தங்களாக உறைந்துவிட்டன. அந்நிறுவனம் ஒரு காலத்தில் இந்தியாவின் முதன்மையான கணினி உற்பத்தியாளராக இருந்தது என்பது இன்றைய மாணவர்களுள் மிகச் சிலருக்கே தெரியும். எனக்கும் அண்மையில்தான், அதுவும் ஒரு தோல்வியின் வழியாகத்தான் தெரிந்தது. பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு என் ஆய்வுக்காகப் பழைய வட்டார வழக்குச் சொற்பட்டியல் ஒன்றைத் தேடி ஓர் ஆவண அறைக்குச் சென்றேன். நிறுவனத்தின் பெயர் இங்குத் தேவையில்லை. பட்டியலின் அச்சுப்படி கிடைக்கவில்லை. காந்த நாடாச் சுருள் ஒன்று கிடைத்தது. மேலுறையில் பென்சிலால் ஓர் ஆண்டு, ஒரு தலைப்பு. எந்தக் கணினியில் எழுதப்பட்டது என்ற குறிப்பு இல்லை. ஊர் ஊராகச் சென்று எவரோ சேகரித்த சொற்கள் அச்சுருளுக்குள் இருக்கின்றன. கல்வெட்டாக இருந்திருந்தால் எழுத்தமைதியைக் கொண்டேனும் காலத்தைக் கணித்திருக்கலாம். இங்கே எழுத்தே கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தச் சுருளை விளங்கிக்கொள்ளும் முயற்சியில்தான் இந்நாட்டுக் கணினிகளின் வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

இந்திய மின்னணுக் கழகம், அதாவது ஈ.சி.ஐ.எல்., 1967 ஏப்ரலில் அணுசக்தித் துறையின் கீழ் ஹைதராபாத்தில் நிறுவப்பட்டது. மின்னணுவியலில் நாடு தன் காலில் நிற்கவேண்டும் என்று ஹோமி பாபா தலைமையிலான குழு அளித்த பரிந்துரை அதற்குப் பின்புலம். டிராம்பே ஆய்வு மையத்தில் உருவான வடிவமைப்பைக் கொண்டு டி.டி.சி.-12 என்னும் கணினி 1969இல் வெளிவந்தது. டி.டி.சி. என்பது ‘டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர்’ என்பதன் சுருக்கம்; 12 என்பது அதன் சொல்லின் நீளம், பிட் கணக்கில். (கணினியியலார் ஒரே வீச்சில் கையாளப்படும் பிட்டுகளின் கூட்டத்தைச் ‘சொல்’ என்கிறார்கள். மொழியியலார் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.) பின்னர் டி.டி.சி.-312, 1975 அளவில் 16 பிட் கொண்ட டி.டி.சி.-316. எழுபதுகளில் இவ்வரிசையில் சுமார் நூறு கணினிகள் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் பெரும்பாலும் அரசு ஆய்வகங்களும் பல்கலைக்கழகங்களும்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். அக்காலக் கணினியில் ‘செயலி’ என்று கையில் எடுத்துக் காட்டத்தக்க ஒரு பொருள் கிடையாது. பல சிறு மின்சுற்றுகளைப் பலகைகளில் பொருத்தி, அப்பலகைகளை அடுக்கி, அந்த அடுக்கையே மையச் செயலகம் என்றார்கள். உதிரிச் சில்லுகள் வெளிநாட்டிலிருந்து வந்தாலும், எந்தக் கட்டளைக்கு எந்தச் செயல் என்று தீர்மானித்தது ஹைதராபாத்திலிருந்த வடிவமைப்புக் குழு. செயலகத்தை வழங்குபவர் அடுத்த அறையில் இருந்தார் எனலாம். டி.டி.சி.-12இல் அமெரிக்காவின் டி.இ.சி. நிறுவனத்து பி.டி.பி.-8 கணினியின் சாயல் உண்டு. எனினும் அதற்கான நிரல்களையும் நிரல்பெயர்ப்பிகளையும் இங்கேயே எழுதினார்கள்.

ஆனால் 12 பிட்டிலிருந்து 16 பிட்டுக்குச் சென்றதே ஒரு முறிவு. பழைய பொறிக்கு அதன் சொந்தக் கட்டளைகளில் எழுதிய நிரல் புதிய பொறியில் ஓடாது. செயலி ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடிய கட்டளைத் தொகுதி உண்டு. அதை இலக்கணம் என்று உவமிப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இலக்கணம் தெரியாத மொழியிலும் சில சொற்களை ஊகிக்கலாம். கட்டளைத் தொகுதியில் ஊகத்துக்கு இடமில்லை: ஒரே எண் ஒரு பொறியில் ‘கூட்டு’ எனவும் மற்றொன்றில் ‘நில்’ எனவும் பொருள்படும். ஃபோர்ட்ரான் போன்ற உயர்நிலை மொழியில் எழுதியிருந்தால் தப்பிக்கலாம் என்பார்கள். பாதி உண்மை. எண்களின் துல்லியம், எழுத்துக் குறியீடு, நாடாவில் தரவை அடுக்கும் முறை ஆகியன அப்பொழுதும் பொறியையே சார்ந்திருந்தன.

1978 ஒரு திருப்புமுனை. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு இணங்க மறுத்த ஐ.பி.எம். அவ்வாண்டில் வெளியேறியது, ஏறத்தாழ அதே காலத்தில் சிறுகணினித் தயாரிப்பு தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. எச்.சி.எல்., டி.சி.எம்., பின்னர் விப்ரோ போன்றவை களமிறங்கின. அவற்றின் வழி வேறு. செயலகத்தை வடிவமைக்க அவை முயலவில்லை; முழுச் செயலியும் ஒரே சில்லில் அடங்கிய நுண்செயலியை விலைக்கு வாங்கின. 1981இல் வந்த விப்ரோவின் முதல் கணினி இன்டெல் 8086ஐக் கொண்டது. செயலி வடிவமைப்பில் பத்தாண்டு உழைத்த அறிவு, ஒரு பெட்டிச் சில்லுகளின் விலைக்கு ஈடுகொடுக்க வேண்டியதாயிற்று.

1984 நவம்பரில் வந்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதியை மேலும் தளர்த்தியது. அதன் பின் ஈ.சி.ஐ.எல். எடுத்த முடிவே என் அக்கறைக்குரியது. பெரிய கணினிகளைப் பொறுத்தவரை அது தன் சொந்தச் செயலகத்தைக் கைவிட்டு, இரண்டு வெளிநாட்டு நிறுவனங்களோடு தொழில்நுட்ப உடன்பாடு செய்துகொண்டது. ஒன்று, நார்வேயின் நார்ஸ்க் டேட்டா. அதன் 32 பிட் என்.டி.-500 வரிசை. மற்றொன்று, அமெரிக்காவின் கண்ட்ரோல் டேட்டா. அதன் சைபர் 180 வரிசை. பின்னதைச் சார்ந்த கணினி ‘மேதா’ என்ற பெயரில் இந்தியப் பல்கலைக்கழகங்களை அடைந்தது. நம் மூத்த பேராசிரியர் சிலர் அதில் பயின்றிருக்கக்கூடும்.

இத்தேர்வை இன்றிருந்து பழிப்பது எளிது. அன்றைய நிலையில் அது பேதைமையன்று. நார்ஸ்க் டேட்டா, ஈ.சி.ஐ.எல். பிறந்த அதே 1967இல் பிறந்து, எண்பதுகளின் நடுவில் ஐரோப்பாவில் விரைந்து வளர்ந்த கணினி நிறுவனங்களுள் ஒன்றாக இருந்தது. கண்ட்ரோல் டேட்டாவோ சீமோர் கிரே பணியாற்றிய இடம். ஆயினும் இரண்டும் தத்தம் செயலகத்தையும் இயங்குதளத்தையும் தாமே உருவாக்கி, பிறர் எவரும் பேசாத மொழியைப் பேசின. 1988 முதல் நார்ஸ்க் டேட்டா நட்டத்தில் சரிந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிதறியது. அதற்கிடையில் அதிலிருந்து பிரிந்த டால்ஃபின் நிறுவனம், பழைய செயலகத்தை விடுத்து மோட்டரோலா 88000 சில்லுக்குத் தாவியது. அந்தச் சில்லையும் மோட்டரோலாவே கைவிட்டது. கண்ட்ரோல் டேட்டா 1992இல் இரண்டாகப் பிளந்தது. ஹைதராபாத்தில் தொழில்நுட்பத்தைக் கற்று முடிப்பதற்குள் கற்பித்த இல்லங்கள் இடிந்துபோயின.

சைபர் வரிசையின் வரலாற்றில் என்னைக் கவர்ந்த நுட்பம் ஒன்றுண்டு. கண்ட்ரோல் டேட்டாவின் பழைய பொறிகளில் சொல்லின் நீளம் 60 பிட். ஒரு சொல்லில் ஆறு பிட் எழுத்துகள் பத்து அடங்கும். ஆறு பிட்டில் 64 குறிகளுக்கே இடம் என்பதால் ஆங்கிலச் சிற்றெழுத்துக்குக்கூட அதில் இயல்பான இருப்பிடமில்லை. சைபர் 180இல் சொல் 64 பிட், எழுத்து எட்டு பிட். பழைய வாடிக்கையாளரை இழக்காதிருக்க, 60 பிட் முறையிலும் இயங்கும் வசதியை அவ்வரிசையில் வைத்தார்கள். தாய்மொழி மாறிய வீட்டில் பாட்டிக்காகப் பழைய மொழியையும் பேசிவைப்பதுபோல. ஆப்பிள் நிறுவனம் 2006இல் பவர்பிசியிலிருந்து இன்டெல்லுக்கும், 2020இல் இன்டெல்லிலிருந்து தன் சொந்தச் சில்லுக்கும் மாறியபோது இதே காரணத்துக்காகத்தான் பழைய நிரல்களைப் பெயர்த்து ஓட்டும் மென்பொருளைத் தந்தது. அதற்கு இட்ட பெயர் ‘ரொசெட்டா’. எகிப்திய எழுத்தை வாசிக்க உதவிய கல்லின் பெயரை ஒரு கணினிக் குழு எடுத்தாண்டது பொருத்தமே. டி.டி.சி. பயனாளருக்கு அத்தகைய கல் எதுவும் கிடைத்ததாக நான் வாசித்தவற்றில் காணவில்லை.

இதே காலத்தில் புனேயில் நிகழ்ந்ததை ஒப்பிட வேண்டும். 1988இல் தொடங்கப்பட்ட சி-டாக், 1991இல் பரம் 8000ஐ உருவாக்கியது. அதன் செயலி பிரிட்டனின் இன்மோஸ் தயாரித்த டிரான்ஸ்பியூட்டர். கணிக்கும் திறனும் அண்டைச் சில்லுகளோடு பேசும் நான்கு இணைப்புகளும் ஒரே சில்லில் அமைந்தது அதன் சிறப்பு. இன்மோஸ் 1989இலேயே கைமாறிவிட்டது; அடுத்த சில்லான டி9000 தாமதமாகி, வாக்களித்த வேகத்தையும் எட்டவில்லை. அதாவது, சி-டாக்குக்கும் வழங்குநர் காலை வாரிவிட்டார். ஆனால் அது வேறுவிதமாக எதிர்கொண்டது. பரம் 8600இல் கணக்குக்கு இன்டெல் ஐ860. பேச்சுக்கு மட்டும் டிரான்ஸ்பியூட்டர். பரம் 9000இல் பேச்சைத் தனி வலையமைப்புக்கு மாற்றி, கணுக்களில் ஸ்பார்க், ஆல்ஃபா என வெவ்வேறு செயலிகளைப் பொருத்தத்தக்கதாக வடிவமைத்தார்கள். 1998இல் பரம் 10000 அல்ட்ராஸ்பார்க்; அதன்பின் பத்ம, ஐ.பி.எம். பவர்4, 2008இல் யுவா, இன்டெல் சியான். பதினேழு ஆண்டுகளில் ஐந்து மாற்றங்கள். செயலியை ஒரு வாடகை வீடாகக் கருதி, தம் அறிவை இணைப்பு வலையிலும் மென்பொருளிலும் சேமித்தார்கள் என்பதே என் வாசிப்பு.

ஹைதராபாத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. நகரின் தென்கிழக்கே கஞ்சன்பாக்கில், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுராக் ஆய்வகம் 1988 அளவில் ‘பேஸ்’ என்னும் இணைநிலைக் கணினியைத் தொடங்கியது, காற்றியக்கக் கணக்கீடுகளுக்காக. முதலில் மோட்டரோலா 68020, பிறகு 68030, தொண்ணூறுகளின் நடுவில் ‘பேஸ் பிளஸ்’ஸில் ஸ்பார்க். அங்கும் மாற்றம் பெரும் ஓசையின்றி நடந்தேறியது.

ஈ.சி.ஐ.எல். இன்றும் இயங்குகிறது. அணுவுலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் வாக்குப்பதிவு இயந்திரங்களும் அதன் தயாரிப்புகள். பொதுப்பயன் கணினியில் மட்டும் அது தொடரவில்லை. சொந்தச் செயலகத்தைத் துறந்ததே தவறு என்று வாதிடுவோர் உண்டு; எழுபதுகளின் தற்சார்பே தவறு என்போரும் உண்டு. இரு தரப்பும் செயலியையே நோக்குகின்றன. கைவிட்டபோது அதைச் சுற்றி எழுதப்பட்ட நிரல்களும் தரவுகளும் கையேடுகளும் என்னவாயின என்பதைத்தான் நான் கேட்க விரும்புகிறேன். சுமார் நூறு பொறிகள், அவற்றில் பத்தாண்டுக் காலம் ஏறிய பல்கலைக்கழகத் தரவுகள். அவை நூலகப் பட்டியல் எதிலும் ஏறவில்லை, ஏனெனில் அவை நூல்கள் அல்ல.

என் நாடாச் சுருளுக்கு வருகிறேன். அது ஏழு தடத்ததா ஒன்பது தடத்ததா என்று முதலில் பார்க்கச் சொன்னார், போலாரத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர். ஏழு தடமெனில் ஆறு பிட் எழுத்தாக இருக்க வாய்ப்பு, ஒன்பதெனில் எட்டு. அதற்கே ஒரு பழைய நாடா இயக்கி வேண்டும். அதன் பிறகு, தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எந்த ஒழுங்கில் பெயர்த்தார்கள் என்ற சிக்கல். றகரத்தையும் ரகரத்தையும் பெரிய எழுத்து, சிற்றெழுத்தால் வேறுபடுத்தும் வழக்கம் நமக்குப் பழகியது. ஆறு பிட் குறியீட்டில் அதற்கு வழியில்லை. என்ன செய்திருப்பார்கள்? எண்களைச் சேர்த்திருப்பார்களா, எழுத்தை இரட்டித்திருப்பார்களா? விடை அச்சுருளில் இருக்கிறது.

எழுபது, எண்பதுகளில் டி.டி.சி.-316இலோ மேதாவிலோ மொழித்தரவுகளை ஏற்றியவர்கள், ஏற்றியவர்களை அறிந்தவர்கள் எவரேனும் இதை வாசிக்க நேர்ந்தால் கருத்துப் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள். பெயர்ப்பு ஒழுங்கை விளக்கும் தாள் ஒன்று, எவருடைய பழைய கோப்பிலாவது இருந்தால், அதன் ஒளிப்படம் போதும்.