ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணும் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையும்: கலிஃபோர்னியா, டெக்சாஸ் விதிகளை முன்வைத்து

அமெரிக்காவில் பெரும்பாலும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு வகுப்புகளே உயர்நிலைப் பள்ளி. மாணவர்கள் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பருவத்தில். ஆகவே விண்ணப்பத்தோடு செல்லும் மதிப்பெண் பட்டியலில் முழுமை பெற்றவை ஆறு பருவங்களே. அவற்றுள் இரண்டு ஒன்பதாம் வகுப்புக்குரியவை. பதினான்கு வயதில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு இப்படி மூன்றில் ஒரு பங்கு எடை சேர்வது எவரும் ஆராய்ந்து எடுத்த முடிவன்று, விண்ணப்ப நாட்காட்டியின் விளைவு. பிளஸ் டூ தேர்வு ஒன்றையே நம்பி வளர்ந்த நமக்கு இது விந்தையாகப் படலாம். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கோ இது வீட்டுக் கவலை.

இந்த மதிப்பெண் மாணவரின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறது என்பதை இக்கட்டுரை மறுக்கவில்லை. அது யாரிடம் பேச வேண்டும் என்பதே கேள்வி. பள்ளிக்கு அது உரிய நேரத்தில் கிடைக்கும் எச்சரிக்கை. கல்லூரி அதைத் தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்வது பிழை என்பது என் வாதம்.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் இதை ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை தொடங்கிப் பதினோராம் வகுப்பு முடிந்த கோடை வரை படித்த பாடங்களைக் கொண்டே அது மதிப்பெண் சராசரியைக் கணக்கிடுகிறது. மாநில மாணவருக்கு, நான்கு புள்ளி அளவுகோலில், குறைந்தபட்சச் சராசரி 3.0. ஒருவர் ஒன்பதில் 2.5, பத்தில் 3.5, பதினொன்றில் 4.0 பெற்றார் எனவும், இன்னொருவர் அதே வரிசையில் 4.0, 3.5, 3.0 பெற்றார் எனவும் கொள்வோம். மூன்றாண்டுச் சராசரியில் முதலாமவர் 3.33, இரண்டாமவர் 3.5. கலிஃபோர்னியக் கணக்கில் முதலாமவர் 3.75, இரண்டாமவர் 3.25. யார் முன்னே, யார் பின்னே என்பதையே விதி புரட்டிப் போடுகிறது. ஏறுமுகத்தில் இருப்பவரை முன்னிறுத்தும் கணக்கே நியாயமானது என்பேன். கல்லூரி வகுப்பறைக்கு வரப்போவது பதினேழு வயதுக்காரர்தானே.

டெக்சாஸ் எதிர்த் திசையில் போயிற்று. சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்று 1996இல் ஹாப்வுட் வழக்கின் தீர்ப்பு தடுத்தபின், 1997இல் அம்மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: ஒவ்வொரு பள்ளியிலும் தரவரிசையின் முதல் 10 விழுக்காட்டில் வருவோருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஏழைப் பள்ளிகளுக்கும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் கதவு திறந்த சட்டம் இது. அந்தப் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் தரவரிசையை எப்படிக் கணக்கிடுவது என்பது பள்ளி மாவட்டங்களின் கையில் விடப்பட்டது. பல மாவட்டங்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எண்ணுகின்றன. நடுநிலைப் பள்ளியில் முன்கூட்டிப் படித்த உயர்நிலைப் பாடங்களைச் சேர்ப்பவையும் உண்டு. விளைவாகக் கணக்குப் போடுவது பதிமூன்று வயதிலேயே தொடங்கிவிடுகிறது. கல்லன், லாங், ரீபேக் ஆகிய பொருளியலாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு, தரவரிசையில் மேலே வரும் பொருட்டு மாணவர்கள் போட்டி குறைந்த பள்ளியைத் தேர்ந்தெடுத்ததைக் காட்டியது.

மதிப்பெண்கள் மேல்நோக்கி நெருங்கிவிட்டதும் இந்தப் போட்டியைக் கூர்மையாக்குகிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரிகளின் சராசரி 1990இல் 2.68, 2019இல் 3.11. உச்சியில் கூட்டம் சேரச் சேர, ஒன்பதாம் வகுப்பில் விழுந்த ஒரே ஒரு ‘பி’ பல படிகள் கீழே தள்ளிவிடும்.

ஒன்பதாம் வகுப்பைச் சேர்த்தே எண்ண வேண்டும் என்போரிடம் வலுவான சான்று இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கை, ஒன்பதாம் வகுப்புச் சராசரியைக் கொண்டே பதினோராம் வகுப்புச் சராசரியையும், பள்ளிப் படிப்பு முடிப்பதையும், கல்லூரியில் சேர்வதையும் கணிக்க முடிகிறது என்றது. இவ்வளவு சொல்லும் ஓர் எண்ணை ஏன் ஒதுக்க வேண்டும்?

அதே கூட்டமைப்பின் முந்தைய ஆய்வுகளில் விடை இருக்கிறது. ஆலன்ஸ்வொர்த்தும் ஈஸ்டனும் 2005இல் ஓர் எளிய அளவுகோலைச் சோதித்தனர். ஒன்பதாம் வகுப்பு முடிவில் அடுத்த வகுப்புக்குப் போதுமான பாட அலகுகள் முடித்து, முதன்மைப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லாதவர் ‘தடத்தில் இருப்பவர்’. இவர்கள் நான்காண்டுகளில் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் மேல். இந்த முடிவைச் சிகாகோ பள்ளிகள் கல்லூரிகளுக்கு அனுப்பிவைக்கவில்லை, தாங்களே எடுத்துக்கொண்டன. யார் வகுப்புக்கு வரவில்லை, யார் தோல்வியை நெருங்குகிறார் என்பதைப் பருவத்தின் நடுவிலேயே கவனித்து ஆசிரியர்கள் தலையிட்டனர். 2007இல் ஏறத்தாழ 57 விழுக்காடாக இருந்த தடத்தில் இருப்போர் அளவு 2013இல் 82 ஆயிற்று. பள்ளியை முடிப்போர் எண்ணிக்கையும் பின்னாலேயே உயர்ந்தது.

ஆறே ஆண்டில் பள்ளியின் கவனிப்பால் இவ்வளவு மாறும் ஓர் எண், மாணவரின் உள்ளார்ந்த ஆற்றலை அளக்கிறது என்று எப்படிச் சொல்வது? அது பாதியளவாவது பள்ளியைத்தான் அளக்கிறது. தவிர, கல்லூரி விண்ணப்பத்தைப் பிரிக்கும்போது பத்தாம், பதினோராம் வகுப்பு மதிப்பெண்கள் மேசையில் இருக்கின்றன. முன்கணிப்பு எதைக் கணித்ததோ அது நடந்தும் முடிந்துவிட்டது. மழை பெய்த பிறகும் காலை வானிலை அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருப்பதா?

கலிஃபோர்னிய விதி மட்டும் போதும் என்று சொல்லவும் முடியாது. சராசரியிலிருந்து நீக்கினாலும், ஒன்பதாம் வகுப்பில் படித்த தகுதிப் பாடத்தில் ‘சி’யாவது பெற்றிருக்க வேண்டும், மதிப்பெண் விண்ணப்பத்திலும் இடம்பெறும். இதைவிடப் பெரிய கட்டு கணிதப் பாட வரிசை. இயற்கணிதம், வடிவியல், உயர் இயற்கணிதம், முன் நுண்கணிதம் என்று ஆண்டுக்கொன்றாக ஏறினால்தான் நுண்கணிதம். இயற்கணிதத்தை ஒன்பதில் தொடங்குபவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது நுண்கணிதம் கைக்கு எட்டாது. கோடை வகுப்போ இரட்டைப் பாடமோ எடுத்துத்தான் அடைய வேண்டும். பொறியியல் துறைகளின் சேர்க்கைக் குழு நுண்கணிதத்தைத் தேடுகிறது. சான் பிரான்சிஸ்கோ பள்ளி மாவட்டம் சமத்துவம் கருதி 2014இல் அனைவருக்கும் இயற்கணிதத்தை ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளியது. நீண்ட சச்சரவுக்குப் பின் 2024இல் எட்டாம் வகுப்புக்கு அதை மீட்கத் தீர்மானித்தது. எண்ணை அழித்துவிடலாம், ஏணியை அழிக்க முடியவில்லை.

தனியார் உயர்கல்லூரிகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. மதிப்பெண் பட்டியலை முழுமையாகப் படிக்கிறோம், ஏறுமுகத்தைப் பார்க்கிறோம் என்கிறார்கள். கல்லூரிகள் ஆண்டுதோறும் நிரப்பி வெளியிடும் பொதுத் தரவுப் படிவத்தில் பாடக் கடினம், தரவரிசை, சராசரி ஆகியவற்றுக்குத் தனித்தனி வரி உண்டு. எந்த வகுப்புக்கு எவ்வளவு எடை என்பதற்கு வரி இல்லை. சொல்லப்படாத விதியை ஊகிக்கும் வசதி, தனி ஆலோசகருக்குப் பணம் கட்டும் குடும்பத்துக்கே வாய்க்கிறது.

டெக்சாஸ் தன் பத்து விழுக்காட்டுச் சட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. தரவரிசையைப் பத்தாம் வகுப்பிலிருந்து கணக்கிடும்படி மாவட்டங்களுக்கு ஒரே விதி வகுத்தால் போதும். அதோடு ஒன்பதாம் வகுப்பில் சறுக்கியவர் கோடையிலேயே கணித வரிசையில் மீண்டும் சேர அரசுச் செலவில் வழி வேண்டும். அந்த இரண்டாவது கடமை கலிஃபோர்னியாவுக்கும் உண்டு. டெக்சாஸில் தரவரிசைத் திருத்தம் தள்ளிப்போடக்கூடியதும் அல்ல. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் இடநெருக்கடியால் தனக்கு மட்டும் அந்த எல்லையை 6 விழுக்காடாகச் சுருக்கியிருந்தது; 2026 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு அதை 5 விழுக்காடாகக் குறைத்துவிட்டது.