கித்தா என்னும் சொல்

தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இரப்பர் மரத்தின் 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டு இலண்டன் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தன. பின்னர் ஜொகூரில் தோட்டங்கள் பெருகியபோது அம்மரத்தைச் சீவ வந்த தமிழரிடம் அதற்குப் பெயரில்லை. மரப்பாலைக் குறிக்கும் ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல்லைக் ‘கித்தா’ எனத் தம் நாவுக்கு இசைவித்துக்கொண்டனர். ‘கம்போங்’ கம்பமாயிற்று, சீன முதலாளி ‘தவுக்கே’ ஆனார்.

கொடையும் உண்டு. கடை, கப்பல், பெட்டி, கட்டில் ஆகிய நம் சொற்கள் தோட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மலாயில் குடியேறியவை.

மாணவர் கட்டுரையில் ‘கித்தா’வைக் கண்டதும் சிவப்பு மையால் அடித்து ‘இரப்பர்’ என்றெழுதும் ஆசிரியர் உளர். மலாய்ச் சொல்லை விலக்கி ஆங்கிலச் சொல்லை அமர்த்துவது எவ்வகைத் தூய்மை? ‘பால்மரம்’ என்று திருத்தினால் பொருளுண்டு. அதுவும் அத்தோட்டத்தார் வழங்கிய பெயரே.