கரெய்கவா நிலையம்: தடம் மாறியதால் நிலைத்த கட்டடம்

ஜப்பானின் கியூஷு தீவில், ககோஷிமா மாகாணத்தின் கிரிஷிமா நகர எல்லைக்குள், ஹிசாட்சு இருப்புப்பாதையில் கரெய்கவா என்னும் சிறுநிலையம் உள்ளது. 1903 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்ட அதன் மரக்கட்டடம் இன்றும் நிற்கிறது. ஊராரின் பற்றே அதைக் காத்தது என்பது பாதி உண்மைதான். அதற்கு முன்பே இருப்புப்பாதைக் கொள்கையின் திருப்பங்கள் அதன் விதியை முடிவு செய்துவிட்டன என்பது இக்கட்டுரையின் துணிபு.

ககோஷிமாவிலிருந்து கொக்குபு (இன்றைய ஹயாத்தோ) வரையிலான பாதை 1901இல் முடிந்தது. அங்கிருந்து வடக்கே செல்ல, கடலோரம், உள்நாடு என இரு தடங்கள் இருந்தன. பகைவரின் போர்க்கப்பல்களுக்குக் கடலோரப் பாதை எளிய இலக்காகும் என்று இராணுவம் கருதியதால் மலைத்தடமே தேர்வாயிற்று. அதற்குக் கொடுத்த விலை பெரிது. ஹிதோயோஷி, யோஷிமாட்சு ஊர்களுக்கு இடையே 2,096 மீட்டர் நீள யாத்தகே சுரங்கத்தைக் குடைந்தார்கள். ஒக்கோபாவில் ஏற்றம் தாங்காமல் பாதையை வட்டமாகச் சுற்றவிட்டு, அந்த வட்டத்துக்குள்ளேயே வண்டி முன்னும் பின்னுமாக நகர்ந்து ஏறும்படி அமைத்தார்கள். 1909 நவம்பர் 21 அன்று இப்பகுதி திறக்கப்பட்டதும் கரெய்கவா, ககோஷிமாவை வடகியூஷுவோடு இணைக்கும் முதன்மைப் பாதையின் நிலையமானது.

அந்தத் தகுதி பதினெட்டு ஆண்டுகளே நீடித்தது. 1927 அக்டோபர் 17 அன்று கடலோரப் பாதை முழுமையடைந்தது. ககோஷிமா முதன்மைப் பாதை என்னும் பெயர் அதற்குப் போக, மலைத்தடம் ஹிசாட்சு பாதை எனப் பெயர் மாறிக் கிளைப்பாதையாகத் தாழ்ந்தது. போக்குவரத்து பெருகாத இடத்தில் நிலையத்தை இடித்துக் கட்டும் தேவையும் எழவில்லை. கட்டடம் எஞ்சியதற்கு இதுவே முதற்காரணம் என்பேன். கரெய்கவா திறக்கப்பட்ட அதே நாளில், இதே பாதையில் திறக்கப்பட்ட ஓசுமி யோக்கொகவா நிலையமும் பழைய மரக்கட்டடத்தோடு இருப்பது இதற்குச் சான்று. இரண்டும் ஒருங்கே தப்பியதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

1984இல் கரெய்கவா ஊழியரற்ற நிலையமாயிற்று. அடுத்த திருப்பம் 2004 மார்ச் 13 அன்று நேர்ந்தது. கியூஷு ஷின்கான்சென் அதிவேக ரயில் ககோஷிமாவுக்கு வந்த அந்நாளிலேயே, மலைத்தடத்தின் இடத்தைப் பறித்த கடலோரப் பாதையின் பெரும்பகுதி ஜே.ஆர். கியூஷுவின் கையைவிட்டு உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் போனது. அதே நாளில் ‘ஹயாத்தோ நோ கசே’ என்னும் சுற்றுலா விரைவு வண்டி கரெய்கவாவில் நிற்கத் தொடங்கியது. காளானும் மூங்கில் குருத்தும் சேர்த்துச் சமைத்த சோற்றுப் பொதி இந்நிலையத்தின் பெயரோடு புகழ்பெற்றது. 2006இல் கட்டடம் பதிவுபெற்ற பண்பாட்டுச் சொத்தானது.

2020 ஜூலை வெள்ளம் யாட்சுஷிரோ முதல் யோஷிமாட்சு வரையிலான போக்குவரத்தை நிறுத்தியது. கரெய்கவா அதற்குத் தெற்கே இருப்பதால் அங்கு உள்ளூர் வண்டிகள் தொடர்ந்து ஓடின. ஆயினும் சுற்றுலா வண்டி 2022 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதன் பெட்டிகள் வடமேற்குக் கியூஷுவில் ஓடும் ‘ஃபுத்தாட்சுபோஷி 4047’ வண்டிக்காக மாற்றியமைக்கப்பட்டன. பண்பாட்டுச் சொத்துப் பதிவு காப்பது கட்டடத்தை மட்டுமே. அங்கே வண்டி நிற்க வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.