ஆறு மாதப் பே ஸ்லிப்பும் ஒரு கல்யாணமும்

ஆடிட்டிங் பாடத்தில் 'வவுச்சிங்' என்று ஒரு அத்தியாயம் உண்டு. பி.காம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிற ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு ரசீதோ பில்லோ இருக்கிறதா என்று சரிபார்க்கிற வேலை. சீட்டு இல்லையென்றால் அந்தச் செலவு நடந்ததாகவே ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இந்த அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், பிரிட்டனில் வசிக்கும் ஒருவர் தன் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்வதற்கான விசா விதிகள் கண்ணில் பட்டன. படிக்கப் படிக்க ஆச்சரியம். அச்சு அசல் வவுச்சிங்! எத்தனை மாதப் பே ஸ்லிப், எந்த பேங்க் ஸ்டேட்மென்ட், நிறுவனம் தருகிற கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிவரியாகப் போட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் சம்பளச் சீட்டுக்கும் எப்படி முடிச்சு விழுந்தது என்று தேடிப் போனேன். அதுதான் இந்தக் கட்டுரை.

சுருக்கமாகச் சொன்னால், "இது உண்மையான கல்யாணமா?" என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாடு, "சம்பளத்துக்குச் சீட்டு இருக்கிறதா?" என்று கேட்கத் தொடங்கிய கதை.

கேள்வி கேட்காத காலம்

1962-ல் பிரிட்டன் காமன்வெல்த் குடியேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதுவரை இந்தியா, பாகிஸ்தான், ஜமைக்கா போன்ற நாடுகளிலிருந்து அங்கே போவதற்குப் பெரிய தடை இல்லை. புதுச் சட்டம் தொழிலாளர்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆனால் ஏற்கனவே அங்கே இருப்பவரின் மனைவியும் சின்னக் குழந்தைகளும் வந்து சேர உரிமை இருந்தது. மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை.

கவனியுங்கள், 'மனைவி' என்றுதான் சொன்னேன். கணவன் விஷயம் வேறு. 1969 ஜனவரியில், அங்கே இருக்கும் பெண் தன் காமன்வெல்த் கணவனை அழைத்துக்கொள்வதைச் சில விலக்குகள் நீங்கலாக நிறுத்திவிட்டார்கள். 1974-ல்தான் அந்தத் தடை போனது. காரணம் எளிமையானது. வருகிற ஆண் வேலைக்குப் போட்டியாக வருவான், வருகிற பெண் வீட்டில் இருப்பாள் என்ற நினைப்பு.

சந்தேகம் பிடித்த காலம்

எழுபதுகளின் கடைசியில் சந்தேகம் உச்சத்துக்குப் போனது. 1979 ஜனவரியில், கல்யாணம் செய்துகொள்வதற்காக ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கிய ஓர் இந்தியப் பெண்ணுக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார்கள். கார்டியன் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்ததும் பெரிய ரகளை ஆகி அந்தப் பழக்கம் நிறுத்தப்பட்டது. எழுதும்போதே கூசுகிறது. ஆனால் எந்த மனநிலையில் விதிகள் உருவாயின என்று தெரிந்துகொள்ள இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1980-ல் 'பிரதான நோக்கம்' என்று ஒரு விதி வந்தது. "பிரிட்டனுக்குள் வருவது இந்தக் கல்யாணத்தின் முதன்மையான நோக்கம் அல்ல" என்று வருகிற கணவன் நிரூபிக்க வேண்டும். ஒரு விஷயம் இருக்கிறது என்று நிரூபிக்கலாம், இல்லை என்று எப்படி நிரூபிப்பது? பெரியவர்கள் பார்த்துச் செய்துவைக்கிற கல்யாணம் வழக்கமாக இருக்கும் நம் பக்கத்து ஆட்களுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது.

இதற்கு எதிராக மூன்று பெண்கள் ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆண் தன் மனைவியைச் சுலபமாக அழைக்கலாம், பெண் தன் கணவனை அழைக்க முடியாது என்பது பால் பாகுபாடு என்று 1985 மே மாதம் தீர்ப்பு வந்தது. பிரிட்டன் என்ன செய்தது தெரியுமா? கணவர்களுக்குச் சுலபமாக்கவில்லை. மனைவிகளுக்கும் அதே கஷ்டமான விதிகளை நீட்டித்துவிட்டது. சமத்துவம் வந்துவிட்டதாம்! 1973-க்கு முன்பே குடியேறிய காமன்வெல்த் ஆண்களுக்கு மட்டும் மிச்சம் இருந்த பழைய சலுகையையும் 1988-ம் வருடச் சட்டம் எடுத்துவிட்டது.

'பிரதான நோக்கம்' விதியை 1997-ல் புதிதாக வந்த தொழிற்கட்சி அரசு நீக்கியது. மனசுக்குள் எட்டிப் பார்க்கிற கேள்வி அதோடு ஓரளவுக்கு ஓய்ந்தது. அடுத்தது பணம்.

'போதுமான' என்றால் எவ்வளவு?

பண விதி அதற்கு முன்பே இருந்ததுதான். அரசு உதவித்தொகையை நாடாமல், குடும்பத்தைப் 'போதுமான' அளவுக்குக் காப்பாற்ற முடிய வேண்டும் என்பது நிபந்தனை. போதுமானது என்றால் எவ்வளவு? அரசின் வறுமை நிவாரணத் தொகையை அளவுகோலாக வைக்க வேண்டும் என்று 2006-ல் குடியேற்றத் தீர்ப்பாயம் ஒரு வழக்கில் சொன்னது. ஏழைக் குடும்பத்துக்கு அரசே எவ்வளவு கொடுக்கிறதோ, அதற்குக் குறையாமல் கையில் இருந்தால் போதும். 2011 கணக்குப்படி வரியும் வீட்டுச் செலவும் போக ஒரு தம்பதிக்கு வருடத்துக்குச் சுமார் 5,500 பவுண்ட். உறவினர் தருகிற பண உதவியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2009 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆக, மொத்த நிலைமையைப் பார்த்து அதிகாரி ஒரு முடிவுக்கு வருவார். மாமனார் வீட்டில் வாடகை இல்லாமல் தங்கலாம் என்றால் அதுவும் ஒரு பலம்.

2012 ஜூலை 9

எல்லாம் மாறிய நாள் இது. தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த புது விதிகள் அன்றைக்கு அமலுக்கு வந்தன. பிரிட்டனில் இருப்பவரின் ஆண்டு வருமானம் வரிக்கு முன் 18,600 பவுண்ட் இருக்க வேண்டும். விசா தேவைப்படும் குழந்தை ஒன்று இருந்தால் 22,400. அதற்கு மேல் ஒவ்வொரு குழந்தைக்கும் 2,400 கூடுதல்.

இந்த 18,600 எங்கிருந்து வந்தது? குடியேற்ற ஆலோசனைக் குழு 2011-ல் கணக்குப் போட்டுக் கொடுத்தது. எவ்வளவு சம்பாதித்தால் ஒரு தம்பதிக்கு வருமானம் சார்ந்த அரசு உதவி எதுவும் கிடைக்காதோ, அந்த எல்லை. இந்த எல்லையை வைத்தால் அப்போது விண்ணப்பித்தவர்களில் 45 சதவீதம் பேரால் தேற முடியாது என்று அதே குழு சொல்லியும் இருந்தது.

நாமும் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6.08 பவுண்ட். வாரம் 40 மணி நேரம், வருடம் 52 வாரம், ஒரு நாள்கூட லீவு போடாமல் உழைத்தாலும் 12,646 பவுண்ட்தான். சட்டப்படி சரியான கூலி வாங்கி முழு நேரம் உழைக்கிறவர் தன் மனைவியோடு வாழத் தகுதி இல்லாதவர் ஆகிவிட்டார். சராசரியில் பெண்களுக்குச் சம்பளம் குறைவு. எனவே அடி அதிகம் விழுந்தது மறுபடியும் கணவனை அழைக்க நினைத்த பெண்கள் மேல்தான். 1969-ல் 'ஆண், பெண்' என்று எழுதிச் செய்ததை இப்போது ஒரு எண் செய்தது.

நிரூபிப்பது எப்படி?

தொகையைவிட எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது ஆதார விதிகள். ஒரே நிறுவனத்தில் ஆறு மாதம் வேலை பார்த்தவர் என்றால் மூன்று விஷயம் கட்டாயம்: ஆறு மாதப் பே ஸ்லிப், அதே ஆறு மாதத்துக்கு அந்தச் சம்பளம் வரவானதைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட், வேலையையும் சம்பளத்தையும் உறுதி செய்து நிறுவனம் கொடுக்கும் கடிதம். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

இதில் உள்ள கண்ணிகளைப் பாருங்கள்.

ஒருவருக்கு மாதச் சம்பளம் 1,500. இரண்டு மாதம் கழித்து 1,600 ஆகிறது. 1,600-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 19,200, அதாவது 18,600-ஐத் தாண்டிவிட்டார். ஆனால் மாதச் சம்பளக்காரருக்கு அந்த ஆறு மாதத்தில் இருந்த குறைந்த சம்பளத்தைத்தான் எடுப்பார்கள். 1,500 பெருக்கல் 12, வெறும் 18,000. இந்த வழியில் போவதானால் புதுச் சம்பளத்தில் ஆறு மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

சம்பளத்தைக் கையில் பணமாக வாங்குகிறவரா? பே ஸ்லிப்பில் இருக்கும் நிகரத் தொகை அப்படியே பேங்கில் போடப்பட்டிருந்தால்தான் முழுச் சம்பளமும் கணக்கில் வரும். வழியில் மளிகை வாங்கிவிட்டு மீதியைப் போட்டிருந்தால், போட்ட தொகை மட்டும்தான் வருமானம்.

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் துணைவர் அங்கே எவ்வளவு சம்பாதித்தாலும் அந்தச் சம்பளம் பூஜ்யம்தான். இருவருமே வெளிநாட்டில் வாழ்ந்து சேர்ந்து திரும்ப நினைத்தால், அங்கே சம்பாதித்ததையும் காட்டி, மூன்று மாதத்துக்குள் சேரும்படி பிரிட்டனில் ஒரு வேலையும் கையில் வைத்திருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஒருவர் முன்னால் போய், வேலை தேடி, ஆறு மாதச் சீட்டுச் சேர்க்க வேண்டியதுதான். குழந்தை யாரோடு இருப்பது என்பது அவர்கள் பாடு.

விட்டுப்போன தாளை அதிகாரி கேட்டு வாங்கலாம் என்று விதியில் இடம் உண்டு. கேட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நீதிமன்றத்தில்

வழக்கு போடாமல் இருப்பார்களா? 2013-ல் உயர் நீதிமன்றம் இந்த விதிகள் மொத்தமாகச் சேர்ந்து அளவுக்கு மீறிப் போகின்றன என்றது. 2014-ல் மேல்முறையீட்டில் அரசு ஜெயித்தது. 2015-ல் இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் வெளியிட்ட ஆய்வு, பெற்றோரில் ஒருவரைப் பிரிந்திருக்கும் குழந்தைகள் 15,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. கம்ப்யூட்டர் திரையில் அப்பாவைப் பார்த்து வளர்கிற இவர்களுக்கு 'ஸ்கைப் குடும்பங்கள்' என்று பெயரே வந்துவிட்டது.

கடைசியில் 2017 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைந்தபட்ச வருமானம் கேட்பது சட்ட விரோதம் அல்ல, பலருக்குக் கஷ்டம் என்பதால் மட்டும் விதி செல்லாததாகிவிடாது. ஆனால் குழந்தைகளின் நலனை விதிகள் சரியாகக் கவனிக்கவில்லை, வேறு வழியில் வரும் பணத்தைப் பார்க்கவே மாட்டோம் என்று அதிகாரிகள் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது என்றது. அதே ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. மிகவும் விதிவிலக்கான நிலைமைகளில் மட்டும் உறவினர் உதவி போன்றவற்றைப் பார்க்கலாம் என்று ஒரு சின்னக் கதவு திறந்தது.

பிறகு தொகை ஏறியது. 38,700 ஆக்கப் போகிறோம் என்று 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். முதல் படியாக 2024 ஏப்ரல் 11 முதல் 29,000. அந்த மாதக் குறைந்தபட்சக் கூலி 11.44. மறுபடி அதே கணக்கு: 40 மணி, 52 வாரம், 23,795 பவுண்ட். சம்பளமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்ட் ஆறு மாதம் கையில் இருக்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த புதிய அரசு அடுத்த உயர்வை நிறுத்திவைத்து, ஆலோசனைக் குழுவிடமே மறுபடி கேட்டது.

என் கணக்கு

அரசு தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 'போதுமான' என்று மட்டும் எழுதினால் ஒரு அதிகாரி தருவார், இன்னொருவர் மறுப்பார். எண்ணையும் பட்டியலையும் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே தராசு. ஹீத்ரோவில் ஒரு பெண்ணின் உடம்பைச் சோதித்ததைவிட அவள் கணவனின் பே ஸ்லிப்பைச் சோதிப்பது எவ்வளவோ மேல். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் வவுச்சிங் படிக்கும்போதே எங்களுக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வடிவத்தைவிடப் பொருள் முக்கியம். சீட்டு என்பது உண்மையைக் காட்டுவதற்கு. உண்மைக்குப் பதிலாக வைப்பதற்கு அல்ல. நல்ல ஆடிட்டர் ஒரு வவுச்சர் காணோம் என்றால் வேறு ஆதாரம் கேட்பார், மொத்தக் கம்பெனியையும் பொய் என்று எழுதிவிட மாட்டார்.

ஆறு பே ஸ்லிப் நிரூபிப்பது ஒன்றைத்தான்: ஒருவர் ஆறு மாதம் ஒரே சம்பளத்தில் வேலை பார்த்தார். அந்தக் குடும்பம் பசியில்லாமல் வாழுமா, அந்தக் கல்யாணம் நிலைக்குமா, குழந்தைக்கு அப்பா பக்கத்தில் வேண்டுமா என்பதெல்லாம் அந்தச் சீட்டில் எந்தக் கட்டத்திலும் இல்லை. பிரிட்டன் பழைய அவமானமான கேள்வியைக் கைவிட்டது நல்லதுதான். அதற்குப் பதில் கண்டுபிடித்த கேள்விக்கு மருத்துவமனையில் தரை துடைக்கிறவரால் பதில் சொல்ல முடியாது, அவர் எவ்வளவு நேர்மையாக உழைத்தாலும். எனக்கு இதில் கணக்கு இடிக்கிறது. உங்களுக்கு?